ராகு காலத்துக்கு முன் பூட்டிய எஞ்சின்

இருபத்துநாலு வயதில் எனக்குத் தெரியாத விசயம் என்று உலகத்தில் ஒன்றும் இருக்கவில்லை. தெமட்டகொடை கராஜ் ஒன்றில் ஒன்பது மாதம் வேலை பழகியிருந்தேன், போதாதா?

யுத்த காலம். கொட்டாஞ்சேனையில் அக்கா வீடு. அத்தானுடைய பழைய ஜப்பான் லொறியை நம்பித்தான் குடும்பம். வத்தளையில் பிஸ்கட் ஏற்றிக் கடைகளுக்குப் போடுவார். எஞ்சின் செத்துப் பத்து நாள். "திங்கள் காலமை லொறி வராட்டி வேற ஆளைப் பிடிப்பம்" என்று பக்டரியில் சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை, வேறொரு எஞ்சினை வாங்கி என்னிடம் தந்தார்.

"டேய், இது ஓட்டோ கியர். பூட்டத் தெரியுமோ?"

"கிளச் இருந்தால்தானே கரைச்சல், அத்தான். இது லேசு."

ஓட்டோ கியரில் கொன்வேட்டர் என்று பூசணிக்காய் மாதிரி ஒரு உருண்டை. அது கியர்பொக்ஸுக்குள் முழுதாக இறங்கி உட்கார்ந்த பிறகுதான் எஞ்சினைச் சேர்க்க வேண்டும். (இது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.) நான் சேர்த்தபோது எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி தெரிந்தது. அக்கா தேசிக்காயும் கற்பூரமுமாக வாசலில் நின்றாள்.

"தம்பி, நாலரைக்கு ராகு காலமடா! அதுக்கு முதல் ஸ்டார்ட் பண்ணிப்போடு!"

"இதில வெளி தெரியுதே, மச்சான்?" என்றார் அத்தான்.

"போல்ட்டை இறுக்கினா தானா வந்திடும்."

வந்தது. உள்ளே 'டக்' என்று ஒரு சத்தமும் வந்தது. "அது சரியாப் பொருந்தின சத்தம்" என்றேன். (அட கடவுளே, எங்கிருந்துதான் எனக்கு அந்த வாய்!)

நாலு இருபத்தைந்துக்கு எஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்தது. அக்கா கண்கலங்கிவிட்டாள். டயருக்குக் கீழே தேசிக்காய் நசிந்தது. சரிவான ஒழுங்கை, லொறி உருண்டது. ஓடுகிறதென்று நினைத்து அத்தானுக்குப் பக்கத்தில் இருந்து கைதட்டினேன். சரிவு முடிந்த இடத்தில், செக்பொயிண்டுக்கு நேரே, நின்றுவிட்டது. எந்தக் கியரில் போட்டாலும் எஞ்சின் கத்தியதே தவிர, லொறி அரை அங்குலம் நகரவில்லை.

அந்த நாளையில் இரண்டு தமிழர் செக்பொயிண்டில் லொறியை நிறுத்தி வைத்துக்கொண்டு நின்றால் என்ன நடக்கும்? துவக்குகள் நிமிர்ந்தன. நான் கையை உயர்த்திக்கொண்டு இறங்கினேன்.

"சேர், எஞ்சிம அலுத்!" (எஞ்சின் புதிசு!)

"அலுத் நங் யன்ன!" என்று கத்தினார் ஆமிக்காரர். (புதிசெண்டால் ஓட்டிக்கொண்டு போ!)

நியாயமான பேச்சுத்தான். லொறியைத் தலைகீழாகச் சோதித்துவிட்டு, ஆறு ஆமிக்காரர் தள்ளி ஓரம்கட்டினார்கள்.

கழற்றிப் பார்த்தால், அந்த 'டக்'கில் கியர்பொக்ஸின் எண்ணெய்ப் பம்ப் இரண்டாகப் பிளந்திருந்தது; அது இல்லாமல் எந்தக் கியரும் பிடிக்காது. திங்கட்கிழமை பக்டரி வேறு ஆளைப் பிடித்தது. அத்தான் பதினொரு வருடம் அந்த ஆளின் லொறியைச் சம்பளத்துக்கு ஓட்டினார். ஒருநாளும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

எனக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. இன்றைக்கும் நான் படியேறினால் அத்தான் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்: "மெக்கானிக் வாறார்! ஸ்குரூடிரைவரை எடுத்து ஒளியுங்கோ!"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அக்கா மட்டும் எழும்பிப் போய், உண்மையாகவே ஒளித்துவிட்டு வருவாள்.