மணியக்காரர் கடைக்கு வழி

வெளியூரிலிருந்து வருகிறவர் “உங்க ஊர்ல எங்க சாப்பிட்டா நல்லா இருக்கும்?” என்று கேட்டால் உள்ளூர்க்காரன் வாயைத் திறக்கவே கூடாது. ஏனென்றால் அவனுக்குத் தெரியாது. அவன் மூன்று வேளையும் வீட்டில் தின்கிறவன். ஆனால் ‘தெரியாது’ என்று சொல்ல எங்கள் பக்கத்து நாக்குக்குப் பழக்கமில்லை. அது பாட்டுக்குக் கையை நீட்டி, “நேரா போயி லெஃப்ட்டு” என்று சொல்லிவிடும். இந்தப் பாடத்தை நான் என் அக்காவின் கல்யாணத்தைப் பணயம் வைத்துப் படித்தேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. வேலை கிடையாது. (தேடிக்கொண்டிருந்தேன் என்று வீட்டில் ஒரு வதந்தி உண்டு.) கடலூர் மஞ்சக்குப்பத்து வீட்டில் படுத்துக்கொண்டு போனில் சாப்பாட்டு வீடியோ பார்ப்பதுதான் முழுநேரத் தொழில். பரங்கிப்பேட்டை அல்வா, கிள்ளை நண்டு, சிதம்பரம் கொத்சு என்று எல்லாவற்றையும் கண்ணாலேயே தின்று தீர்த்திருந்தேன். உண்மையில் எனக்குத் தெரிந்த கடைகள் இரண்டு. ஒன்று, மைதானத்துக்கு எதிரே உள்ள டீக்கடை. இன்னொன்று, அந்தக் கடை லீவு விட்டால் நான் போகும் டீக்கடை.

அந்தச் சமயத்தில்தான் அக்கா ஜெசிந்தாவைப் பெண் பார்க்க மதுரையிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை ஸ்டீபன், அவர் அப்பா அருளப்பன், அருளப்பனின் அக்கா லூர்து அத்தை. தாயில்லாத ஸ்டீபனை வளர்த்தது அத்தைதான். அதனால் முடிவும் அத்தையுடையதுதான். அக்காவுக்கும் ஸ்டீபனுக்கும் ஏற்கெனவே போனில் பேச்சுவார்த்தை நடந்து மனசு ஒத்துப்போயிருந்தது. இது பெரியவர்களுக்குத் தெரியாது. (பெரியவர்களுக்குத் தெரியாது என்று அவர்கள் இருவரும் நினைத்தார்கள்.)

அப்பா ஓய்வுபெற்ற கோர்ட்டு டைப்பிஸ்ட். சிதம்பரம் கோர்ட்டில் இருந்த காலத்தில் அவர் கற்றுக்கொண்ட ஒரே சமையல் கொத்சு. பிஞ்சுக் கத்திரிக்காயை அடுப்புத் தீயில் சுட்டு, மசித்து, மல்லியும் கடலைப்பருப்பும் வறுத்து அரைத்த பொடியைப் போட்டு, நல்லெண்ணெய் மிதக்க இறக்குவார். அன்றைக்கும் கோழி கூவுவதற்கு முன்னால் எழுந்து செய்தார். அம்மா இட்லி வார்த்தார். வந்தவர்கள் உட்கார்ந்ததும் இலை போடத் தயாரானபோது லூர்து அத்தை கையை உயர்த்தினார்.

“காப்பி மட்டும் போதும்த்தா. பேசி முடிக்காம பொண்ணு வீட்டுல கை நனைக்கிற பழக்கம் எங்களுக்கு இல்ல.”

எங்களுக்கும் அதே பழக்கம்தான். சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். ஆனாலும் அப்பாவின் முகம் சுட்ட கத்திரிக்காயாகச் சுருங்கியது. அம்மா சமாளித்துக்கொண்டு, “காபி நம்ம ஜெசிதான் போட்டா” என்றார். எல்லாப் பெண் பார்க்கும் வீட்டிலும் சொல்லப்படும் பொய் என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

“நாளைக்குத் திருச்சியில இன்னொரு பொண்ணு பாக்க வேண்டியிருக்கு. சாயங்காலம் வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கிளம்புறோம்” என்றார் அத்தை. அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை இப்போதும் நினைவிருக்கிறது.

அருளப்பன் மாமாவுக்கு இந்தப் பேச்சில் எல்லாம் நாட்டமில்லை. “தம்பி, இவ்வளவு தூரம் வந்துட்டோம்ல. சிதம்பரத்துல கொத்சுன்னு ஒண்ணு இருக்காமே. அது என்னான்னு பாக்கணும். எங்கிட்டுப் போனா நல்லா இருக்கும்?” என்று என்னிடம் கேட்டார்.

அங்கேயே வாயை மூடியிருக்கலாம். நான், “எனக்குத் தெரியாத கடையா? நானே கூட்டிட்டுப் போறேன்” என்றேன்.

அக்கா என்னைச் சமையலறைக்கு இழுத்தாள். “வயிறு நெறைஞ்சாதான்டா அந்த அத்தைக்கு மனசு எறங்கும். அவுங்களுக்கு சுகர் வேற, நேரத்துக்கு சாப்பிடணும். சொதப்புன, கொன்னுடுவேன்.” அம்மா தன் பங்குக்கு மிஞ்சின இட்லியையும் கொத்சுவையும் பெரிய டிபன் கேரியரில் அடைத்து என் பையில் திணித்தார். “வீணாப் போவுது. சிதம்பரத்துல படிக்கிற உன் கூட்டாளிங்களுக்குக் குடுத்துடு.”

ஸ்டீபன் கார் ஓட்ட, நான் முன்சீட்டில் உட்கார்ந்து வழியெல்லாம் கொத்சுவின் வரலாறு சொல்லிக்கொண்டு போனேன். அத்தனையும் அந்த நிமிஷத்தில் பிறந்த வரலாறு. அருளப்பன் மாமா விடாமல் கேட்டார். ஏன் கத்திரிக்காய்? ஏன் கோயில் சம்பா சாதத்தோடு? கடலூரில் ஏன் அவ்வளவாக இல்லை? நான் எதற்கும் தயங்கவில்லை. மண் வாகு என்றேன். காற்றில் உப்பு என்றேன்.

சிதம்பரம் கீழ வீதியில் இறங்கும்போது பதினொன்றரை ஆகியிருந்தது. என் வீடியோக்களில் யாரும் சொல்லாத ஒரு விஷயம் அப்போதுதான் தெரிந்தது. கொத்சு காலை டிபனோடு தீர்ந்துவிடும், மறுபடி சாயங்காலம்தான்! முதல் கடையில் பெஞ்சைக் கவிழ்த்துத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது கடையில், “கொத்சு காலி. மீல்ஸ் ஆவ அரைமணி ஆவும்.” மூன்றாவது கடையின் வாசலில், உரிமையாளர் வீட்டுக் காதுகுத்துக்கு லீவு என்று அட்டை தொங்கியது. நான்காவதில் நூடுல்ஸ் இருந்தது.

காருக்குத் திரும்பினால் லூர்து அத்தை சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தார். அவர் சாப்பிடும் நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. “என்னடா தம்பி, ஊரையே சுத்துற, ஒரு இட்லி கிடைக்கலையா? எங்க மதுரையில எந்த நேரத்துக்கும் சூடா சாப்பாடு இருக்கும் தெரியுமா?” ஸ்டீபன் கண்ணாடி வழியாக என்னைப் பாவமாகப் பார்த்தார். என் அக்காவின் வாழ்க்கை அந்தச் சேலைத் தலைப்போடு சேர்ந்து ஆடுவது எனக்குத் தெரிந்தது.

“ஒரு கடை பாக்கியிருக்கு, இதோ வரேன்” என்று பையோடு ஓடினேன்.

சந்து முனையில் ஒரு வாழை இலைக் கடை. இலை வாங்கினேன், பழைய பேப்பர் வாங்கினேன், பிளாஸ்டிக் கவரும் நூலும் வாங்கினேன். நின்றிருந்த ஒரு வேனுக்குப் பின்னால் குந்தி, கேரியரைத் திறந்து, இட்லியை இலைக்கு மாற்றி, கொத்சுவைக் கவரில் ஊற்றிக் கட்டி, அசல் ஓட்டல் பார்சலாகவே ஆக்கிவிட்டேன். ஒரு ஆடு மட்டும் பார்த்தது. அதற்கும் ஓர் இட்லி கொடுத்தேன்.

“கடைசி பார்சல்! கெஞ்சிக் கேட்டு வாங்கினேன்!”

மர நிழலில் காரை நிறுத்தினோம். லூர்து அத்தை சிலுவை போட்டு ஜெபம் சொல்லாமல் வாயில் எதையும் வைக்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு, “ஆண்டவரே, இந்த உணவை ஆசீர்வதியும். இதைச் சமைச்ச கைகளையும் ஆசீர்வதியும்” என்றார். மஞ்சக்குப்பத்தில் அப்பா அந்நேரம் தும்மியிருப்பார். நான் மற்றவர்களைவிட உரக்க ஆமென் சொன்னேன்.

அப்புறம் இலை காலியாகிற சத்தம்தான். அத்தை, சுகர் என்று சொல்லி இரண்டில் ஆரம்பித்து, ஆறில் நிறுத்தினார். அருளப்பன் மாமா விரலை நக்கிவிட்டு வானத்தைப் பார்த்தார். “தம்பி, இதுல சுட்ட வாசம் வருதுல்ல? கடைக்காரன் இவ்வளவு மெனக்கெடுறானா? யாருப்பா அவன்? கடை பேரென்ன?”

எதிர்ச் சுவரில் யாரோ ஒரு பெரியவரின் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தது. அதில் ‘மணியக்காரர்’ என்ற சொல் மட்டும் என் கண்ணில் பட்டது.

“மணியக்காரர் கடை.”

“வா, போவோம். அந்த மனுசன் கையைப் பிடிச்சு ரெண்டு வார்த்தை பேசணும்.”

கார் போகாது என்றேன். நடப்போம் என்றார். மூடியிருப்பார்கள் என்றேன். வீட்டுக்கே போய்ப் பார்ப்போம் என்றார். ஒரு ஊரின் சாப்பாட்டைத் தெரிந்துகொள்ளாமல் அந்த ஊரை விட்டுக் கிளம்ப மாட்டாராம். பிள்ளைக்குப் பெண் பார்க்க வந்ததையே அவர் மறந்துவிட்டார்.

நான் வழி தெரியாததுபோல் நடித்தேன். (நடிக்க என்ன இருக்கிறது.) அவர் நேராகப் பூக்கடைக்காரரிடம் போய், “ஐயா, கொத்சு விக்கிற மணியக்காரர் கடை எங்கிட்டு?” என்று கேட்டார். பூக்கடைக்காரர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “கொத்சுதானே? நேரா போயி லெஃப்ட்டு.”

நேராகப் போய் இடதுபுறம் திரும்பினோம். அங்கே சைக்கிள் கடை இருந்தது. சைக்கிள் கடைக்காரர், “அது வடக்கு வீதிக்கு மாத்திட்டாங்களே, தெரியாதா?” என்றார். வடக்கு வீதியில் ஓர் ஆட்டோக்காரர், “அட, அந்தக் கடையா? வாடகை ஜாஸ்தின்னு புவனகிரிக்குப் போய்ட்டாங்க சார்” என்றார். காரில் புவனகிரிக்குப் போனோம். அங்கே ஒரு ஜவுளிக்கடைப் பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சொன்னார்: “அவரு தவறிட்டாரு தம்பி. இப்ப மவன்தான் நடத்துறான், சிதம்பரத்துலேயே. பழைய ருசி இல்ல.”

அவர் தவறியது மட்டும் எனக்கும் தெரியும். போஸ்டரே பார்த்தேன்.

ஒரு கட்டத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை பேர் சொல்கிறார்களே, ஒருவேளை இருக்குமோ? நாங்கள் சிதம்பரம் திரும்பியபோது சாயங்கால டிபன் கடைகள் திறக்கத் தொடங்கியிருந்தன. அருளப்பன் மாமா ஒவ்வொரு கடையிலும் ஒரு கிண்ணம் கொத்சு வாங்கி நாக்கில் வைத்தார். “நல்லாருக்கு. ஆனா அது இல்ல.” சமைக்கிற சரக்கு மாஸ்டர்களிடம் பொடிக் கணக்குக் கேட்டார். சின்ன வெங்காயமா பெரிய வெங்காயமா என்று கேட்டார். கத்திரிக்காயைச் சுடுவீர்களா என்று கேட்டார். சுட்டால் எப்போ வியாபாரம் பண்றது என்று அவர்கள் சிரித்தார்கள். லூர்து அத்தை காரில் தூங்கிக்கொண்டே வந்தார். வயிறு நிறைந்த தூக்கம். எனக்கு அதுதான் ஒரே ஆறுதல்.

இருட்டும் நேரத்தில் கடலூர் வந்து சேர்ந்தோம். வீட்டில் அப்பா, அம்மா, அக்கா மூவரும் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளாக நின்றார்கள். அத்தை உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். அதற்குள் அருளப்பன் மாமா அப்பாவிடம் ஆற்றாமையைக் கொட்ட ஆரம்பித்துவிட்டார். “சம்பந்... சார், மணியக்காரர் கடைன்னு ஒண்ணு. கத்திரிக்காயைச் சுட்டுப் போட்டுருக்கான். அந்த ருசி எங்கயும் இல்ல. கடையைத்தான் கண்டுபிடிக்க முடியல.”

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. காலையில் தன் கொத்சுவை ஒருவரும் தொடவில்லை என்ற கோபம் அப்படியே இருந்தது. “சிதம்பரத்துல நான் பன்னெண்டு வருஷம் இருந்தேன் சார். அப்படி ஒரு கடையே கெடையாது. சுட்டு வெக்கிறது நான் ஒருத்தன்தான். வேணும்னா ருசி பாருங்க!”

நான் கண்ணால் சைகை காட்டினேன். அப்பா எந்தக் காலத்தில் என்னைப் பார்த்திருக்கிறார்? அடிச்சட்டியில் ஒட்டியிருந்த கொத்சுவோடு ஒரு கரண்டியைக் கொண்டுவந்து நீட்டினார்.

“அருளு, வேணாம்டா! கை நனைக்காத!” என்றார் அத்தை.

“சும்மா இரு அக்கா, தெரிஞ்சுக்கணும்ல” என்று அருளப்பன் மாமா வாயில் வைத்தார். மென்றார். நிறுத்தினார். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

“தம்பி. மணியக்காரர் இவருதானா?”

மூலையில் கிடந்த என் பையிலிருந்து காலி டிபன் கேரியர் எட்டிப் பார்த்தது. நான் வேன், ஆடு, போஸ்டர் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். சொல்லச் சொல்லக் காது சுட்டது.

லூர்து அத்தை எழுந்துவிட்டார். “ஆறு இட்லி! ஏமாத்திக் கை நனைக்க வச்சுட்டீங்களேடா! பொய் சொல்ற வீட்டுல எப்படிப்பா பொண்ணு எடுக்கிறது? ஸ்டீபன், வண்டியை எடு.” ஸ்டீபன் நகரவில்லை. அக்கா சுவரோடு சுவராக நின்றாள். அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தபோது எனக்கு அப்படியே தேவனாம்பட்டினம் கடலில் போய் இறங்கிவிடலாம் போலிருந்தது.

வாசல்படியில் அத்தை நின்றார். “அந்த இட்லியும் கொத்சும் யாரு செஞ்சது? பொண்ணா?”

அம்மா பழக்க தோஷத்தில் வாயைத் திறந்தார். அதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். “இல்லைங்க அத்தை. இட்லி அம்மா, கொத்சு அப்பா. எனக்கு சமையல் வராது. காலையில காபிகூட நான் போடல.”

அம்மா தலையில் கை வைத்தார். லூர்து அத்தை அக்காவை மேலும் கீழும் பார்த்தார்.

“ஒருத்தியாச்சும் உண்மை பேசுறாளே இந்த வீட்டுல” என்றவர், திரும்பி வந்து உட்கார்ந்தார். “ஸ்டீபனுக்கும் வெந்நி வைக்கத் தெரியாது. உங்கப்பாகிட்ட ரெண்டு பேரும் கத்துக்கங்க. ஏத்தா, உனக்குச் சம்மதமா?”

“நான் காலையிலேயே சம்மதந்தாங்க. யாரும் கேக்கல.”

“அப்ப இலையைப் போடச் சொல்லு. இந்தத் தடவை நாங்க தெரிஞ்சே சாப்புடுறோம்.”

கல்யாணம் முடிந்து இப்போது அக்காவுக்கு இரண்டு பெண் குழந்தைகள். மஞ்சக்குப்பம் வீட்டுச் சமையலறைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் மணியக்காரர் கடை. அருளப்பன் மாமா மதுரையில் பஸ் ஏறும்போதே எனக்குப் போன் போட்டு, “தம்பி, கடை தொறந்திருக்கா?” என்பார். நான் யாருக்காவது வழி சொல்ல ஆரம்பித்தால் வீடே கொல்லென்று சிரிக்கும். எல்லோரும் மணியக்காரர் என்றே கூப்பிடுவதால் தனக்கு இருந்த ஒரு கௌரவமான பெயர் போய்விட்டதாக அப்பா சொல்லிக்கொள்வார். ஆனால் கடைக்குக் கல்லாப்பெட்டிதான் இல்லை என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வதும் அவர்தான்.

போன மாதம் ஒரு வேலையாகச் சிதம்பரம் போயிருந்தேன். கீழ வீதியில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தபோது மதுரைப் பதிவெண்ணோடு ஒரு கார் வந்து நின்றது. உள்ளே ஒரு குடும்பமே பசியோடு இருந்தது. கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஒருவர் கேட்டார்:

“தம்பி, இங்க மணியக்காரர் கடைன்னு கொத்சுக்கு ரொம்ப ஃபேமஸாமே, எங்க தெருவுல அருளப்பன்னு ஒருத்தர் சொன்னாரு. அது எங்கிட்டு இருக்கு?”

கடவுள் சாட்சியாக, தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“நேரா போயி லெஃப்ட்டு” என்றது நாக்கு.