ஒன்பது வரிப் படிவம்

எங்கோ ஓர் ஊரில், என்றோ ஒரு நாளில், மரண காரணப் பதிவகம் என்று ஒன்று இருந்ததாம். காரணமில்லாமல் யாரும் சாகக்கூடாது என்பதில் அது படு கண்டிப்பு.

அங்கே எழுத்தர் முன்னால் ஒரு பெண் வந்து நின்றாள். எதிர்ச்சாரியில் இருந்த கல் அரைக்கும் ஆலையில் பத்து வருஷம் தூசி குடித்து, முப்பத்துநாலு வயதில் அவள் புருஷன் போய்விட்டான்.

"காரணம்?"

"கல்தூசிங்கய்யா. இந்தாங்க டாக்டர் சீட்டு."

எழுத்தர் மேசைத் தூசியைத் துடைத்துவிட்டுப் படிவத்தைப் பார்த்தார். "தூசிக்கு ஒன்பது வரிதாம்மா அச்சடிச்சிருக்கு. ஒன்பதும் நிரம்பிருச்சு."

"கீழ பத்தாவதா எழுதுங்கய்யா. வருஷத்துல பத்துப் பேர் செத்தாத்தான் ஆலையில முகமூடி குடுக்கணும்னு சட்டமாமே. அவர் இடத்துல இப்ப என் தம்பி நிக்கிறான்."

"எந்த வருஷமும் பத்துப் பேர் செத்ததில்லையேம்மா. வேணும்னா படிவத்தைப் பாரு."

"அப்ப என் புருஷன் சாகலையா?"

"செத்தாரு, யாரு இல்லேன்னா? வயோதிகத்துல தாராளமா இடம் இருக்கு. உங்க ஆலைக்காரங்க நிறையப் பேர் அங்கதான் இருக்காங்க, துணைக்கு."

"முப்பத்துநாலு வயோதிகமா?"

"இனிமே அவருக்கு வயசு ஏறப் போறதில்லையே. அப்ப இதுதானே அவரோட முதுமை?"

"நல்லா இருக்குய்யா உங்க கணக்கு! உங்க வாயில மண்ணு விழ!"

"அது தினமும் விழுதும்மா," என்று தும்மிவிட்டு எழுத்தர் 'வயோதிகம்' என்று குண்டெழுத்தில் எழுதினார். சான்றிதழுக்கு அடுத்த வாரம் வரச் சொன்னார்.

அடுத்த வாரம் அவள் வருவதற்கு முன்பே பதிவகத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது: 'இவ்வூரில் முதுமையால் மரிப்போரின் சராசரி வயது முப்பத்தெட்டு எனப் புள்ளிவிவரங்களால் ஐயந்திரிபற நிறுவப்பட்டுள்ளது. ஆகவே முப்பத்தெட்டைக் கடந்த வயோதிக ஊழியர் அனைவரும் இன்று பிற்பகல் முதல் மகிழ்ச்சியுடன் ஓய்வு பெறுகிறார்கள்.'

எழுத்தருக்கு ஐம்பத்திரண்டு. பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு மேலாளரிடம் ஓடினார். "சார், இவங்கள்லாம் தூசியில செத்தவங்க சார்! திருத்திடலாம் சார்!"

"காரணத்தைத் திருத்தணும்னா இறந்தவரே நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். விதி ஏழு. நீரே எழுதினதுய்யா," என்றார் மேலாளர், டிபன் பாக்ஸையும் குடையையும் பையில் திணித்தபடி. அவருக்கு ஐம்பத்தாறு.

எழுத்தர் திரும்பி வந்தார். சான்றிதழை நீட்டினார்.

"ஏம்மா, உங்க தம்பி வேலை பாக்குற இடத்துல ஆள் எடுக்கிறாங்களா?"

"எடுப்பாங்கய்யா. அங்க எப்பவும் ஒரு இடம் காலியாத்தான் இருக்கும்."

"முகமூடி?"

"பத்துப் பேர் செத்த பொறவு."

அவள் சான்றிதழை மடித்துக்கொண்டு போய்விட்டாள். எழுத்தர் மேசையைக் கடைசியாக ஒருதரம் துடைத்தார். அந்தத் துணியை உதறி, மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, தெருவைக் கடந்து எதிர்ச்சாரிக்கு நடந்தார்.