நாற்பது பை இரத்தத் தியாகம்

இரத்தம் சிந்தி நாடு பிடித்தவர்கள் உலக சரித்திரத்தில் ஏராளம். இரத்தம் கொடுத்து விசா பிடிக்கலாம் என்று கண்டுபிடித்தவர் ஒரேயொருவர்தான். அவர் கிழக்கு லண்டன் செந்தமிழர் சேமநல மன்றத்தின் ஆயுட்காலத் தலைவர், உயர்திரு வைத்தியநாதன் அவர்கள். கண்டுபிடித்த ஆண்டு 1992. கண்டுபிடித்த இடம், வால்தம்ஸ்டோவில் ஒரு கோழிப்பொரியல் கடைக்கு மேலே இருந்த மன்றத்தின் 'தலைமைச் செயலகம்'.

"இந்த நாட்டுக்காரன்ரை உடம்புக்குள்ளை எங்கடை இரத்தம் ஓடத் துவங்கீட்டுதெண்டால், பிறகு எங்களை என்னெண்டு திருப்பி அனுப்புவான்?" என்று அவர் நிர்வாகக் குழுவிடம் கேட்டார். பதில் சொல்ல ஒருவராலும் முடியவில்லை. பதில் இல்லாத கேள்வி உண்மையாகத்தான் இருக்கவேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. இரத்ததானம் செய்கிற ஒவ்வொருவருக்கும் மன்றத்தின் முத்திரையோடு ஒரு நற்சான்றுக் கடிதம் வழங்கப்படும். அதை விசாக் கேஸ் பைலில் சேர்த்துக்கொள்ளலாம். நாற்பத்தொரு பேர் பெயர் கொடுத்தார்கள்.

தேநீர்ப் பொறுப்பு செபமாலைமுத்துவுக்கு. மன்னார்க்காரர், வயது அறுபத்தெட்டு, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை மன்னித்து விட்டவர். காகிதத்தில் இருப்பது எதையும் நம்பமாட்டார். காகிதத்தைக் கொண்டுவருகிற ஆளை அதைவிட நம்பமாட்டார். இப்படிப்பட்ட 'பிற்போக்குவாதி'யைக் தேநீர்க் கேத்தல் அடியிலேயே நிற்பாட்டுவதுதான் சமுதாயத்துக்கு நல்லது என்று குழு கருதியது.

அவரோடு ஒரே அறையில் இருந்தவன் யோகராஜா. வன்னிப் பெடியன், இருபத்தாறு வயது. அவன் வன்னியில் வாழ்ந்ததற்கு எழுத்தில் ஆதாரம் இல்லை என்று விசாக் கந்தோர் அவனுடைய விண்ணப்பத்தைத் தள்ளியிருந்தது. 'நீர் கொழும்பில் இருந்தவர் போலத் தெரிகிறது, கொழும்பில் உமக்கு ஆபத்தில்லை, ஆகவே போய் வாரும்' என்பது கடிதத்தின் சாரம். அவனுடைய பதிவு இருந்த அரசாங்கக் கந்தோரின் மேல் குண்டு விழுந்திருந்தது. விழுந்தபோது ஒரு ரசீது வாங்கி வைத்திருக்கலாம், பெடியனுக்கு அந்தப் புத்தி இல்லை. அப்பீல் வழக்குக்கு இன்னும் ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம். தோற்றால் விமானம்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவனுக்குக் காய்ச்சல் வரும். கட்டில் கிடுகிடுவென்று ஆடும். செபமாலைமுத்து தன்னுடைய போர்வையையும் அவன்மேல் போட்டுவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்திருப்பார்.

"நீயும் இரத்தம் குடுக்கப் போறியோ?" என்று கேட்டார்.

"ஓம் அப்பு. கடிதம் தருவினமாம்."

"உனக்கு மலேரியா எல்லோடா?"

"வருத்தம் எனக்குத்தானே அப்பு. இரத்தத்துக்கு என்ன?"

"பின்னை மலேரியா எங்கை இருக்கு? உன்ரை சப்பாத்துக்குள்ளையோ?"

யோகராஜா சிரிக்கவில்லை. "அப்பு, என்னட்டை வேறை என்ன காகிதம் இருக்கு, சொல்லுங்கோ பாப்பம்."



ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலய மண்டபத்தில் இரத்ததான முகாம் நடந்தது. கட்டில்கள் போட்டார்கள், குத்துவிளக்கு ஏற்றினார்கள், விருந்தினராக வந்த மேயர் முன்னிலையில் தலைவருக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது. இரத்தம் கொடுக்க வந்தவர்களுக்குப் பொன்னாடை இல்லை, பிஸ்கட் இருந்தது.

இங்கே தலைவரின் கைவண்ணத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். இரத்த வங்கி அனுப்பிய படிவங்கள், நாற்பத்தொரு போர்மையும் மூன்று நாள் லீவு போட்டு அவரே நிரப்பியிருந்தார். செங்கமாரி என்கிற மஞ்சள் காமாலை வந்ததா, பிறர் பாவித்த ஊசியைக் குத்தினீரா, ஆணோடு ஆண் சேர்ந்ததுண்டா, அண்மையில் வெளிநாட்டில் இருந்தீரா, மலேரியா வந்ததா என்று இடது பக்கம் முழுக்கக் கேள்வி. வலது பக்கம் முழுக்க, அச்சடித்ததுபோல், 'இல்லை'. நாற்பத்தொரு தமிழர்கள் ஒரு நோயும் வராமல், ஓர் ஊருக்கும் போகாமல், ஒருவரையும் தொடாமல் வால்தம்ஸ்டோவிலேயே அவதரித்திருந்தார்கள். கையெழுத்து மட்டும் அவரவருடையது.

மன்றத்தின் செயலாளர் கலாவதிக்குத்தான் கொஞ்சம் நெஞ்சு குத்தியது.

"அண்ணை, எனக்குச் சின்னனிலை செங்கமாரி வந்தது."

"தங்கச்சி, ஓமெண்டு எழுதினால் இரண்டாவது கேள்வி கேப்பான். இல்லையெண்டு எழுதினால் அடுத்த ஆளைக் கூப்பிடுவான். கவுன்சில் வீட்டுக்கும் உப்பிடித்தானே எழுதினனான்? கிடைச்சதோ இல்லையோ?"

"கிடைச்சது அண்ணை."

"பிறகென்ன?"

இரத்த வங்கியிலிருந்து வந்த, கண்ணாடி போட்ட பெரிய நேர்ஸ் அம்மா எழுந்து நின்று ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசினார். முகத்தில் சிரிப்பில்லை. தலைவர் மொழிபெயர்த்தார்: "எல்லாருக்கும் நன்றி சொல்லுறா."

செபமாலைமுத்து தேநீர் ஊற்றிக்கொண்டே கலாவதியைப் பார்த்தார். "பிள்ளை, நன்றிக்கு அஞ்சு நிமிசமோ? உண்மையாய் என்ன சொன்னவ?"

கலாவதி குரலைத் தாழ்த்தினாள். "முந்தி இந்த நாட்டிலை சோதிக்காமல் ஏத்தின இரத்தத்தாலை கனபேருக்கு எயிட்சும் ஈரல் வருத்தமும் வந்ததாம். உயிர் தப்ப ஆஸ்பத்திரிக்கு வந்த சனம், மாமா. எயிட்சுக்கு இப்ப சோதினை இருக்காம். ஈரல் வருத்தம் ஒண்டுக்குப் போன வருசந்தான் சோதினை வந்ததாம். மலேரியாவுக்கு இண்டைக்கு இஞ்சை எங்கடை வாய்தான் சோதினையாம்."

"எங்கடை வாயோ?" செபமாலைமுத்து தலைவரின் வாயைப் பார்த்தார். அது மேயருக்குப் பற்காட்டிக்கொண்டிருந்தது.

போர்ம் போதாதென்று நேர்ஸ் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு நேரிலும் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தலைவரேதான். அந்தரங்கமான கேள்விகளை அவர் மொழிபெயர்க்கவே இல்லை. தமிழ்ப் பண்பாடு இடம் கொடுக்கவில்லை, தானே பதில் சொல்லிவிட்டார். மத்தியானத்துக்குள் நாற்பது பேர் படுத்து எழும்பினார்கள். நாற்பது பையும் இரத்த வங்கியின் வான் வண்டியில் ஏறிப் போயின.

நாற்பத்தோராவது ஆள் யோகராஜா. சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து இருந்தான். நேர்ஸ் கேட்டார். ஆங்கிலத்தில் கேட்டதில் ஒரு சொல், தேநீர்த் தட்டோடு நின்ற செபமாலைமுத்துவுக்கு விளங்கியது. மலேரியா, எந்த மொழியிலும் மலேரியாதான்.

"தம்பி, காலமை சாப்பிட்டீரோ எண்டு கேக்கிறா" என்றார் தலைவர்.

"ஓம் ஐயா" என்று யோகராஜா தலையாட்டினான்.

"இல்லையாம்" என்று தலைவர் ஆங்கிலத்தில் சொன்னார்.

"ஓம் என்று அல்லவா தலையாட்டுகிறார்?" என்றார் நேர்ஸ்.

"எங்கள் கலாசாரத்தில் இல்லை என்பதற்கு அப்படித்தான் ஆட்டுவது."

செபமாலைமுத்து தட்டை வைத்தார். "மலேரியா!" என்று பெடியனைச் சுட்டிக் காட்டினார். நேர்ஸ் திரும்பிப் பார்த்தார். கிழவரிடம் மேற்கொண்டு ஆங்கிலம் இல்லை. பக்கத்துக் கட்டிலில் ஏறிப் படுத்து, கையையும் காலையும் உதறிப் பல்லைக் கிட்டி, கட்டில் கிறீச்சிட நடுங்கிக் காட்டினார்.

"கிழவருக்குக் குளிர்" என்று தலைவர் விளக்கினார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில், "எழும்பும் காணும், மானத்தை வாங்காமல்!"

நேர்ஸ் தலைவரை விலத்திக்கொண்டு யோகராஜாவுக்கு முன்னால் குனிந்தார். "மலேரியா?"

யோகராஜா கிழவரைப் பார்த்தான். கொன்றுவிடுவதுபோலப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்து, "யெஸ்" என்றான்.

ஊசி மூடப்பட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி அவனிடம் ஒரு கடிதம் கொடுக்கப்பட்டது. "மற்ற நாற்பது பேரும்?" என்று நேர்ஸ் கேட்டார். தலைவர் நெஞ்சில் கை வைத்தார். நேர்ஸ் போர்ம்களை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். எல்லாம் நிரம்பியிருந்தன, எல்லாவற்றிலும் கையெழுத்து இருந்தது. இந்த நாட்டில் மனிதனைச் சந்தேகிக்கலாம், நிரப்பிய போர்மைச் சந்தேகிக்கச் சட்டத்தில் இடமில்லை. பெட்டியில் போட்டுப் பூட்டினார்.

அடுத்த கூட்டத்தில் செபமாலைமுத்து 'இனத்தின் இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தவர்' என்று கண்டிக்கப்பட்டு, தேநீர்ப் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அது அவருக்கு வலிக்கவில்லை. யோகராஜா கட்டிலை மற்றச் சுவரோடு இழுத்துப் போட்டுவிட்டு, ஒன்றரைக் கிழமை அவரோடு பேசாமல் இருந்ததுதான் வலித்தது. 'வாய் சும்மா கிடந்திருக்கலாம்' என்று கிழவர் ஒருநாள் நினைத்தார். அடுத்த நாள் அப்படி நினைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பெடியனின் இரத்தத்தைச் சோதித்து மருந்து கொடுத்தார்கள். டொக்டர் ஒரு கடிதமும் எழுதினார்: இவருக்கு இருப்பது திரும்பத் திரும்ப வருகிற மலேரியா, கொழும்பில் இது அரிது, வன்னியில் வாழ்ந்ததாக இவர் சொல்வதோடு இது பொருந்துகிறது. அவனுடைய வழக்கை நடத்திய சொலிசிற்றர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு எழும்பி நின்றாராம். வழக்கில் நீதவான், இவர் வன்னியில்தான் இருந்திருக்கிறார் என்று ஏற்றுக்கொண்டு அப்பீலை அனுமதித்தார்; விசா கிடைத்தது. அன்றைக்கு யோகராஜா கட்டிலைத் திரும்பப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டான்.

"அப்பு, தேத்தண்ணி போடட்டோ?"

"சீனி குறைச்சுப் போடு" என்றார் செபமாலைமுத்து.

செய்தி பரவ மூன்று நாள் போதுமாக இருந்தது. மன்றத்தின் முத்திரைக் கடிதத்தை வைத்து நாற்பது பேரில் ஒருவருக்குக்கூட விசா கிடைக்கவில்லை. இரத்தம் கொடுக்காதவனுக்குக் கிடைத்துவிட்டது! தலைவர் அவசரப் பொதுக்கூட்டம் கூட்டினார். இம்முறை அவரே தயாரித்த புதுப் போர்ம்: 'நான் வன்னியில் வாழ்ந்தேன், எனக்கு மலேரியா வந்தது, இன்னும் வருகிறது.' வலது பக்கம் முழுக்க 'ஓம்'. முகாமில் படுத்தெழும்பியவர்களில் முப்பத்துநான்கு பேர் வரிசையாக வந்து கையெழுத்து வைத்தார்கள். இரண்டு பேர் கிழவரிடம் வந்து, அந்த நடுக்கத்தை இன்னொருக்கால் செய்துகாட்டச் சொல்லிக் கேட்டார்கள்.

செபமாலைமுத்து பின்வரிசையில் எழும்பினார்.

"தலைவர், ஒரு கேள்வி."

"சுருக்கமாய்க் கேளுங்கோ அண்ணை."

"அண்டைக்கு இரத்தம் குடுத்த ஆக்கள்தானே இவை?"

"ஓம். மன்றம் பெருமைப்படுது."

"இவையிலை முப்பத்துநாலு பேருக்கு மலேரியாவோ?"

"சந்தேகமே இல்லை. கையெழுத்து வைச்சிருக்கினம்."

"அப்ப அந்த முப்பத்துநாலு பை இரத்தமும் இப்ப ஆரின்ரை உடம்புக்குள்ளை ஓடுது?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். படிக்காத மனிதரிடம் படித்தவர் காட்டவேண்டிய பொறுமை முழுவதையும் காட்டி, மெல்லச் சொன்னார்:

"அண்ணை, அது வேறை போர்ம்."

சபை கைதட்டியது.