செல்வதுரை அடைத்த குழாய்

பழைய வாஷிங் மெஷினைத் தூக்கிக் கொடுத்த அன்று அருப்புக்கோட்டையிலேயே சந்தோஷமான ஆள் செல்வதுரைதான். இனி சனிக்கிழமையாவது நிம்மதியாக உட்காரலாம் என்று நினைத்தார்.

அது இரண்டு தொட்டி மெஷின். ஒன்றில் துவைக்கும், இன்னொன்றில் பிழியும். அதிலிருந்து இதற்குத் துணியை அள்ளிப் போடுவது புருஷன் வேலை என்று, மெஷின் வந்த அன்றே மனைவி ரூத் தீர்ப்புச் சொல்லியிருந்தாள். திருப்பும் குமிழ் உடைந்த பிறகு குறடு வைத்துத் திருப்பினார்கள். பிழியும்போது அது கொல்லைக் கதவை நோக்கி நடக்க ஆரம்பிக்கும். செல்வதுரை வயிற்றால் முட்டுக்கொடுத்து நிறுத்துவார். ஆனால் ஒருநாள்கூட மெஷின் படுத்ததில்லை. படுத்ததெல்லாம் செல்வதுரைதான்.

மகள் பியூலா மதுரையிலிருந்து புது மெஷின் வாங்கி அனுப்பினாள். எல்லாவற்றையும் அதுவே செய்யும். பழசை ரூத்தின் தம்பி ஆஸ்டின் எம்.ரெட்டியபட்டிக்குக் கொண்டுபோனான். லோடு ஆட்டோவில் ஏற்றிவிட்டதே செல்வதுரைதான்.

முதல் சனிக்கிழமை நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தார். மெஷின் முனகக்கூட இல்லை. விசைத்தறிச் சத்தத்திலேயே காலம் தள்ளியவருக்கு அந்த அமைதி என்னவோ செய்தது. ரூத் பட்டனைத் தட்டிவிட்டுப் பக்கத்து வீட்டு ரேணுகாதேவியிடம் பேசப் போய்விட்டாள்.

அப்போதுதான் உறைத்தது. அந்தப் பழைய மெஷின் பக்கத்தில் நின்றுதான் இருவரும் துணியோடு ஊரையும் சேர்த்து அலசியிருக்கிறார்கள். மற்ற நேரமெல்லாம் அவர்களுக்குள் பேச்சு "சாப்பிட வாங்க", "வாரேன்" அவ்வளவுதான்.

சில வாரம் பொறுத்துப் பார்த்தார். ஆஸ்டினுக்குப் போன் போட்டார்.

"பழசு எப்படிப்பா ஓடுது?"

"அது பாட்டுக்கு ஓடுது மச்சான். ஒரு தொந்தரவும் இல்ல."

அவன் சந்தோஷமாகச் சொன்னதுதான் அவருக்கு வலித்தது.

அந்தச் சனிக்கிழமை, மெஷினுக்குப் பின்னால் இருந்த தண்ணீர்க் குழாயைச் சத்தமில்லாமல் அடைத்தார். மெஷின் பீப் பீப் என்று கத்தி நின்றது.

"ரூத்து, இது போச்சு. நம்ம ஊரு உப்புத் தண்ணிக்கு இதெல்லாம் தாங்காது. ஆஸ்டின்கிட்டச் சொல்லிப் பழசை வாங்கிருவோமா?"

"குடுத்ததத் திருப்பிக் கேட்டா அவன் பொண்டாட்டி என்ன நெனைப்பா?"

"அப்ப என்ன செய்ய?"

"மெக்கானிக்குக்குச் சொல்லிவிடுறேன். அவரு வர்ற வரைக்கும் கையில துவைப்போம்."

"துவைப்போமா?"

"நீங்க துவைங்க. நான் அலசுறேன்."

துவைத்தார். போர்வை, சமுக்காளம், ஜன்னல் திரை என்று வந்துகொண்டே இருந்தது. வீட்டில் இத்தனை துணி இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. ரூத் வாளியைக் கவிழ்த்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினாள். பியூலா, வீட்டு நினைப்பு வந்து போனில் அழுதாள் என்றாள்.

"இத ஏன் இத்தன நாளாச் சொல்லல?"

"எங்க சொல்ல? நீங்கதான் காலை நீட்டி உக்காந்துருந்தீகளே."

அவர் போர்வையை இன்னும் இரண்டு அடி அடித்தார். பிறகு, "பழசைக் குடுத்தது தப்புதான்" என்றார். ரூத் சோப்பை நீட்டினாள்.

அடுத்த சனிக்கிழமையும் மெக்கானிக் வரவில்லை. அன்றும் அவரே துவைத்தார். இடுப்பு விட்டுப்போனாலும் மனசுக்குக் குறையில்லை. கடைசிச் சமுக்காளத்தைக் கொடியில் போட்டு நிமிர்ந்தபோது, உள்ளே புது மெஷினில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஈரக்கையோடு போய்ப் பார்த்தார். ரூத் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

"எப்பப் பாத்த?"

"நீங்க அடைச்ச அன்னைக்கே."

"அப்ப மெக்கானிக்கு?"

"யாருக்கும் சொல்லல."

"பிறகு ஏன் ரூத்து என்னைத் துவைக்கவிட்ட?"

"கனத்த சமுக்காளமெல்லாம் புது மிஷின்ல போடக் கூடாதாம், பியூலா சொன்னா. யாரு துவைக்கன்னு நானும் யோசிச்சுக்கிட்டே இருந்தேன்."