கால் ஆட்டத் தடை

பாசிக்குளம் என்றொரு நாட்டை அட்டை ஆண்டுவந்த காலம் அது. அரசருக்குக் கால் கிடையாது. அதை ஒரு குறையென்று யாரும் சொல்லவில்லை. சொன்னவர்கள் இப்போது குளத்தில் இல்லை.

"குளம் கலங்கக் குடிமக்களின் கால்களே காரணம்" என்று ஒருநாள் அரசர் கண்டுபிடித்தார். எல்லாரும் பாசி நாரால் கால்களைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆணை பிறந்தது. அமைச்சர்களுக்கும் காவலர்களுக்கும் மட்டும் விலக்கு; அதைச் சொல்லவும் வேண்டுமா! நீர்மேல் ஓடும் பூச்சிகள் நின்ற இடத்திலேயே நிற்க, தவளைக் காவலர்கள் அவற்றை அலுங்காமல் விழுங்கினார்கள். உணவு உற்பத்தி பெருகிவிட்டதாக அமைச்சர் நண்டார் அறிவித்தார். அசையாத தண்ணீர் நாறியது. மூச்சு முட்டியவர்களுக்கு, "குறைவாக மூச்சு விடுக" என்று அடுத்த ஆணை வந்தது.

கல்லிடுக்கில் குடியிருந்த செங்கமலம் என்ற இறாலுக்குத்தான் பெரிய சங்கடம். இறால்கள் முட்டைகளை வயிற்றுக்கடியில் உள்ள குட்டிக் கால்களில் ஒட்டவைத்துச் சுமக்கும். அந்தக் கால்களை ஓயாமல் வீசினால்தான் முட்டைக்கு மூச்சு. சில முட்டைகள் ஏற்கெனவே வெளுத்துவிட்டன. அவள் கால்கட்டை அறுத்துவிட்டாள் என்று பேச்சு. நான் பார்த்ததாகச் சொல்லவில்லை. எட்டிப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

தேர்தல் வந்தது. அந்தக் குளத்தில் எதிர்ப்பவர்கள் காலை ஆட்டிக் காட்டுவது வழக்கம்.

"அரசரை எதிர்ப்பவர்கள் தாராளமாகக் காலை ஆட்டலாம்" என்றார் நண்டார், பெருந்தன்மையுடன்.

கட்டிய கால் எது ஆடும்? செங்கமலத்தின் வயிற்றடி மட்டும் ஆடியது.

"யாரும்மா அது? அரசருக்கே எதிர்ப்பா?"

"எதிர்ப்பெல்லாம் இல்லீங்க ஐயா. புள்ளைங்களுக்கு மூச்சு வேணும்ல?"

"எதுக்கு ஆட்டினாலும் ஆட்டினது ஆட்டினதுதான். நிறுத்து!"

"நிறுத்துனா புள்ளைங்க செத்துப்போயிடும்ங்க. நீங்க எதிர்ப்புன்னே வெச்சுக்கங்க."

"தவளையைக் கூப்பிடுங்கள்!" என்று நண்டார் கொடுக்கை உயர்த்தினார். அப்போது பின்வரிசையில் இன்னொரு சலசலப்பு. பார்த்தால், அமைச்சரின் மனைவி! வயிற்று மடிப்பைத் திறந்து, அவரும் தம் முட்டைகளுக்கு விறுவிறுவென்று வீசிக்கொண்டிருந்தார்.

"என்னங்க முறைக்கிறீங்க? இதெல்லாம் உங்க புள்ளைங்கதான். எங்கே, என்னை நிறுத்தச் சொல்லுங்க பார்க்கலாம்."

கொடுக்கு மெல்ல இறங்கியது. நண்டார் அரசரிடம் போய் ஏதோ முணுமுணுத்துவிட்டு வந்து முடிவை அறிவித்தார்.

"அரசர் ஏகமனதாக வென்றார். கால் எதுவும் ஆடவில்லை, தண்ணீர்தான் ஆடியது. ஆகவே, இன்றுமுதல் தண்ணீர் ஆடத் தடை."

அன்று நண்டார் பக்கவாட்டில் போகாமல், வீட்டுக்கு நேராக நடந்து போனதாகக் கேள்வி. பிறகு இரண்டு வீட்டு முட்டைகளும் பொரிந்தன; குஞ்சுகள் முதல் காரியமாகக் காலைத்தான் ஆட்டின. தண்ணீரைக் கைது செய்யப் போன தவளைகள் இன்னும் திரும்பவில்லை.