ரிவர்ஸ் எடுத்தே அடைத்த கடன்

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் பணிவுடன் எழுதுவது. நானும் என் மனைவியும் நலம். இத்தனை வருடமாக எழுதிய நலம் ஒப்புக்கு எழுதியது, இது நிஜமான நலம். நீங்களும் அக்காவும் அதைப் போலவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். விஷயத்தைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் என் குரலைக் கேட்டால் நீங்கள் "ஹலோ" சொல்வதில்லை, "எவ்வளவு வேணும்?" என்றுதான் ஆரம்பிப்பீர்கள். அதனால்தான் கடிதம். உட்கார்ந்துகொண்டு படியுங்கள், அக்காவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். என் கடன் முழுவதும் அடைந்துவிட்டது. உங்களுக்குத் தர வேண்டிய தொகைக்குக் காசோலை இதே உறையில் இருக்கிறது. கையெழுத்து என்னுடையதுதான். வங்கியில் பணமும் இருக்கிறது.

உங்கள் வீட்டு விருந்தில் எல்லோர் முன்னாலும் அக்காவிடம், "அவனுக்கு இன்னும் கொஞ்சம் வை, கடன் வாங்கியே களைச்சுப் போயிருப்பான்" என்று சொன்னீர்களே, அன்றிலிருந்து உங்கள் வீட்டில் எனக்குச் சாப்பாடு இறங்கியதில்லை. அக்கா வைத்ததை முழுவதும் சாப்பிட்டது வேறு விஷயம். இவர் முன்னால் ஒருநாள் நிமிர்ந்து உட்கார வேண்டும் என்று அன்றைக்கே மனதுக்குள் சபதம் எடுத்தேன். ஆனால் சபதம் எடுத்தால் போதுமா? எல்லாவற்றுக்கும் காரணம் அந்தத் தவணை முறை சோபாதான். சோபா வந்ததும் எதிரே பெரிய டிவி இல்லாதது கண்ணை உறுத்தியது. டிவி வந்ததும் அதைப் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் வியர்த்தது. ஏசி வந்தது, பின்னாலேயே மின்கட்டணம் வந்தது. அதைக் கட்ட மளிகைக் கடைக்காரரிடம் வாங்கினேன், மளிகைக் கடைக்காரருக்குக் கொடுக்க வட்டிக்காரரிடம் வாங்கினேன், வட்டிக்காரருக்குக் கொடுக்க உங்களிடம் வாங்கினேன். நீங்கள் கொடுத்ததை வட்டிக்காரரிடம் கொண்டுபோவதற்குள் சோபாக் கடைக்காரர் வழியில் மடக்கிவிட்டார். வட்டி குட்டி போட்டது.

இதில் என் வேலையின் லட்சணத்தையும் யோசித்துப் பாருங்கள். கடன் கொடுத்தவர்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டியவனுக்கு டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் வேலையைவிடப் பொருத்தமில்லாத வேலை உலகத்திலேயே கிடையாது. கூரையில் மஞ்சள் பலகையைச் சுமந்துகொண்டு ஆமை வேகத்தில் ஊரைச் சுற்றும் வண்டி. எந்தத் தெருவில் திரும்பினாலும் சின்னக் குழந்தைகூட அடையாளம் சொல்லிவிடும். அதை ஓட்டுவதோ, கிளட்ச் எது பிரேக் எது என்று யோசித்துக்கொண்டிருக்கிற யாரோ ஒருவர்.

அப்படி ஒருநாள் காலையில், பல் டாக்டர் அம்மா ஒருவர் ஸ்டீயரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தபால் நிலையத்துப் பின்சந்தில் ஓட்டிக்கொண்டிருந்தபோது, எதிரே வட்டிக்காரரின் சிவப்பு மோட்டார் பைக் திரும்பியது. சீட்டில் சரிந்துகொண்டே கத்தினேன்.

"ரிவர்ஸ் போடுங்கம்மா!"

"ரிவர்ஸ் இன்னும் சொல்லியே தரலையே சார்?"

"இதோ சொல்லித் தர்றேன். கியரை அமுக்கி அந்தப் பக்கம் தள்ளுங்க. கண்ணாடியைப் பாருங்க. முன்னாடி பாக்காதீங்க. என்ன ஆனாலும் முன்னாடி மட்டும் பாக்கவே பாக்காதீங்க!"

அந்த அம்மா பார்க்கவில்லை. வாத்தியாருக்கென்று என் பக்கம் இருக்கும் பிரேக்கில் என் கால் இருந்தது உண்மை, ஆனால் அதற்கு வேலையே வரவில்லை. குப்பைத் தொட்டிக்கும் நிறுத்தி வைத்திருந்த வேனுக்கும் நடுவே நூல் பிடித்த மாதிரி சந்து முழுவதும் பின்னாலேயே போய், திறந்திருந்த ஒரு கேட்டுக்குள் வண்டியை நுழைத்து நிறுத்திவிட்டார். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் குழாயைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினார். அன்று தொடங்கியதுதான். மளிகைக் கடைக்காரரைப் பார்த்தால் இரண்டு லாரிகளுக்கு நடுவே பார்க்கிங் பாடம். சோபாக் கடை வேன் வந்தால் குறுகலான தெருவில் வண்டியை அப்படியே திருப்பும் பாடம். சில நாள் நான் சீட்டுக்குக் கீழே பதுங்கிக் கையால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வகுப்பு எடுத்ததும் உண்டு. மாணவர்கள் அதையும் ஒரு பயிற்சி முறை என்றே நினைத்தார்கள்.

தேர்வு வந்தது. என் ஆட்கள் அத்தனை பேரும் முதல் தடவையிலேயே பாஸ். தேர்வு அதிகாரி கம்பங்களுக்கு நடுவே பல் டாக்டர் அம்மா ரிவர்ஸ் எடுத்த அழகைப் பார்த்துவிட்டு, "இவங்களுக்கு யாருங்க சொல்லிக் குடுத்தது? முன்னாடி ஓட்டறதைவிடப் பின்னாடி நல்லா ஓட்டறாங்களே!" என்று விசாரித்திருக்கிறார். அவ்வளவுதான், ஊரில் எனக்கு 'ரிவர்ஸ் வாத்தியார்' என்று பெயராகிவிட்டது. வேண்டாம் வேண்டாம் என்றாலும் கூட்டம். பாஸாகும் ஒவ்வொரு தலைக்கும் தனியாகப் பணம் என்று எங்கள் முதலாளியம்மா அறிவித்தார். நான் சந்தோஷத்தில் குதிப்பதற்குள் என் மனைவி நேரே அவரிடம் போய், "அந்தப் பணத்தை அவர் கையில குடுத்துடாதீங்க, என்கிட்ட குடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். பெரிய வாய்க்காரருக்கு முதலில் என்பது அவள் போட்ட சட்டம். தெருவில் நின்று கத்திய சோபாக் கடைக்காரர் முதலில் வாங்கினார். பிறகு மளிகைக் கடைக்காரர். நீங்கள் ஒரு நாளும் சத்தம் போட்டுக் கேட்டதில்லை, அதனால்தான் கடைசி. அந்தப் பெருந்தன்மையை நான் மறக்கவே மாட்டேன். கொஞ்சம் கத்தியிருந்தால் போன வருடமே கிடைத்திருக்கும்.

உங்களுக்கு முன்னால் மிச்சம் இருந்தவர் வட்டிக்காரர். அவருக்குக் கடைசிப் பாக்கியைக் கொடுக்கப் போன நாளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவர் பைக்கைப் பார்த்ததும் வழக்கம்போல மாணவர் ரிவர்ஸுக்குக் கையைக் கொண்டுபோனார். "வேண்டாம் தம்பி, இன்னைக்கு நேரா போ" என்றேன். வட்டிக்காரர் பயந்துபோய் பைக்கை ஓரம் கட்டினார்.

"என்னாச்சு, இன்னைக்கு ஓடலையா?"

"குடுக்க வந்தேன்."

எண்ணினார், மறுபடியும் எண்ணினார், பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "என் பொண்ணுக்கும் நீங்கதான் சொல்லித் தரணும். ரெண்டு வருஷமா உங்க ரிவர்ஸை எதிர்ல நின்னு பாத்தவன் நான். எனக்குத் தெரியாதா உங்க அருமை?"

அன்று வீட்டுக்குக் கடைத்தெரு நடுவே, வெட்ட வெளிச்சத்தில், கைகளை வீசி நடந்தே போனேன். மளிகைக் கடைக்காரர் உள்ளேயிருந்து "வாங்க சார், டீ சாப்பிடலாம்" என்றார். 'டேய்' என்று கூப்பிட்ட வாயிலிருந்து 'சார்'! எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்குப் போய் நானும் மனைவியும் முதல் முறையாகச் சொந்த சோபாவில் நிம்மதியாக உட்கார்ந்தோம். ஸ்பிரிங் போய்விட்டிருந்தது. சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தோம்.

ஆகவே அத்தான், அடுத்த முறை உங்கள் வீட்டுக்கு வரும்போது எனக்கு வேண்டியதை நானே பரிமாறிக்கொள்வேன். அக்காவுக்கு என் அன்பு. உங்களுக்கு என் வணக்கமும் நன்றியும்.

நிமிர்ந்த தலையுடன்,
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் முதலாளியம்மா கூப்பிட்டு அனுப்பினார். இந்த மாதத் தேர்வில் என் ஆட்கள் அத்தனை பேரும் கோட்டை விட்டுவிட்டார்கள், அத்தனை பேரும் ரிவர்ஸில். துரத்த ஆளில்லாததால் நான் நிதானமாகச் சொல்லித் தருகிறேன், அவர்கள் நிதானமாகக் கொண்டுபோய்க் கம்பத்தில் இடிக்கிறார்கள். "பழையபடி சொல்லிக் குடுங்க, இல்லேன்னா வேற வேலை பாத்துக்குங்க" என்று முதலாளியம்மா கறாராகச் சொல்லிவிட்டார். வட்டிக்காரரிடம் போய், சும்மாவாவது கொஞ்ச நாள் துரத்தும்படி கெஞ்சிப் பார்த்தேன். மனிதர் நல்லவர், இரண்டு தெரு வரைக்கும் முயற்சி செய்தார். பிறகு பைக்கை நிறுத்திவிட்டு, "பாக்கி இல்லாத ஆள் மேல கோபமே வர மாட்டேங்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இந்த உலகத்தில் நான் இன்னும் கடன்பட்டிருப்பது உங்களுக்கு மட்டும்தான். ஆகையால் என் மனைவி காசோலையை உறையிலிருந்து எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள், தேட வேண்டாம். நீங்கள் ஓய்வு பெற்றதிலிருந்து சமையலறை டப்பாக்களை இடம் மாற்றி மாற்றி வைப்பதாக அக்காவும் போனில் அழுகிறாள். பைக்கை எடுத்துக்கொண்டு ஒரு மாதம் இங்கே வந்துவிடுங்கள். திங்கட்கிழமை காலை தபால் நிலையத்துப் பின்சந்தில் நிற்பேன். நன்றாகக் கத்த வேண்டும், கூச்சப்படக் கூடாது. ஹெல்மெட்டின் கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டுக்கொள்ளுங்கள் அத்தான், உங்கள் முகத்தைப் பார்த்தால்தான் எனக்கு நிஜமாகவே ஓடத் தோன்றும்.