என் உயிருக்கு ஆபத்தில்லை என அத்தானுக்கு அறிவித்தல்

பாசல், சுவிற்சர்லாந்து
15.11.1996, வெள்ளி

உ

பெருமதிப்புக்குரிய அத்தான் அரசரத்தினம் அவர்களுக்கு,

மைத்துனன் இராஜேந்திரன் பணிவோடு வரைவது. நான் நலம். ஓல்டனில் தாங்களும் அக்காவும் மருமகள் மதுஜாவும் குறையொன்றுமின்றி இருக்க இறைவனை வேண்டுகிறேன். மேலே போட்ட பிள்ளையார் சுழியைப் பொருட்படுத்த வேண்டாம். நாற்பத்தாறு வருடப் பழக்கத்தில் கை போட்டுவிட்டது. எந்த இறைவனை வேண்டுகிறேன் என்பதையும் இப்போதைக்கு விசாரிக்க வேண்டாம்.

சென்ற செவ்வாய்க்கிழமை யூதர்களின் குருவானவர், அவரை ராபி என்பார்கள், நமது கோயில் நிர்வாகத் தலைவர் என்ற முறையில் தங்களுக்குத் தொலைபேசி எடுத்து, 'இராஜேந்திரனின் உயிருக்கு உங்கள் ஆட்களால் என்ன ஆபத்து?' என்று கேட்டதாக அக்கா விம்மி விம்மிச் சொன்னா. அத்தான், என்னை ஒருத்தரும் வெருட்டவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், கோபிக்காமல் கடைசிவரைக்கும் வாசியுங்கோ.

நான் இங்கை யூத முதியோர் இல்லத்துக் குசினியிலை ஆறு வருசமா நிக்கிறது உங்களுக்குத் தெரியும். பாலுக்கு ஒரு சட்டி, இறைச்சிக்கு ஒரு சட்டி, மாறினால் பூகம்பம். அதைக் கழுவிக் கழுவித்தான் எனக்கு இந்தச் சமயத்திலை பிடிப்பு வந்தது எண்டு நீங்கள் நக்கலடிக்கிறது காதிலை விழுந்தது. அதில்லை அத்தான். அங்கை புளோக் எண்டொரு கிழவர் இருக்கிறார். பத்தொன்பது வயதிலை ஹிட்லரின்ர சண்டைக்குப் பயந்து இந்த நாட்டு எல்லைக்கு வந்தவராம், முதல்தரம் திருப்பி அனுப்பிப்போட்டாங்கள், ரெண்டாம்தரம் எப்படியோ உள்ளுக்கு வந்திட்டார். எனக்கு விசா வருமட்டும் காலமை தேத்தண்ணி கொண்டுபோனால் அந்தாள் என்னைக் கேக்கிற முதல் கேள்வி, 'பேப்பர் வந்திட்டுதோ?' போன வருசம் எனக்கு விசா கிடைச்சபோது எங்கட ஆக்கள் 'பி-யோ சி-யோ' எண்டு விசா வகையைக் கேட்டவை, அந்தாள் அழுதார். அதோடை வெள்ளி பின்னேரம் இருட்டினால் ஒரு வேலையும் செய்யக் கூடாது, எழுதவும் கூடாது எண்டு கடவுளே கட்டளை போட்டிருக்கிறார். ஞாயிறு கூட லீவில்லாமல் முறிஞ்சவனுக்கு இது சின்ன விசயமோ, சொல்லுங்கோ.

சரி எண்டு ராபியிட்டைப் போய் நானும் யூதனா வரப்போறன் எண்டன். அந்தாள் ஒரே வார்த்தையிலை ஏலாது எண்டிட்டார். ஆர் கேட்டு வந்தாலும் மூண்டுதரம் திருப்பி அனுப்பிறது அவையின்ர வழக்கமாம், மனசு உறுதியோ எண்டு பார்க்க. எனக்கு அது எங்காலை தெரியும்? எங்களுக்குத் தெரிஞ்சது ஒண்டுதான்: பேர்ணிலையிருந்து அகதி மனுவுக்கு நெகட்டிவ் வந்தால் முப்பது நாளுக்குள்ளை அப்பீல் போடவேணும். நேரே தயாபரனிட்டைப் போனன். எங்கட முழுச் சனத்துக்கும் அகதி அப்பீல் எழுதுறவன், உங்களுக்கும் எழுதினவன்தானே. அவனிட்டை இருக்கிறது ஒரே கடிதம். அதிலை இலங்கை எண்டு வாற இடமெல்லாம் இந்து சமயம் எண்டு மாத்தி, சம்பளச் சீட்டு மூண்டும் டொச்சுப் பாஷை படிச்ச சேட்டிபிக்கட்டும் கொழுவி, ராபிக்குப் பதிவுத் தபாலிலை அனுப்பிவிட்டான். நான் வாசிச்சுப் பார்க்கேல்லை, அது என்ர பிழை. 'இந்து சமயத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டால் எனது உயிருக்கு நிச்சயம் ஆபத்து' எண்டு எழுதியிருக்கிறான், படுபாவி. ராபி பதறிப்போய் உங்களுக்கு ரெலிபோன் எடுத்திட்டார்.

நீங்கள் அவருக்குச் சொன்ன மறுமொழியை அவரே எனக்குச் சொன்னார். 'அவன் என்ர மனுசியின்ர தம்பி, அவனுக்கு ஆபத்து அவன்ர சமையலாலைதான்' எண்டனீங்களாம். அந்தாள் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுத் துடைச்சுச் சிரிச்சார். பிறகு, 'இப்பிடி ஒரு குடும்பத்தை விட்டிட்டு ஏன் வாறாய்?' எண்டு கேட்டார். 'விட்டிட்டு வரேல்லை, அவையளும் என்னை விடாயினம்' எண்டன். அப்ப சரி, மற்ற ரெண்டுதரமும் வேண்டாம், திங்கட்கிழமையிலை படிக்க வா எண்டிட்டார். ரெண்டு மூண்டு வருசம் எடுக்குமாம். எடுக்கட்டுமன், விசாவுக்கு எட்டு வருசம் இருந்தனாங்கள்தானே.

இதை இல்லத்திலை சொன்னன், மத்தியானச் சாப்பாட்டு மேசையிலை சண்டை மூண்டிட்டுது. பிறந்தால்தான் யூதன் எண்டு ஒருத்தர். இந்த ராபி சேர்த்தாலும் மற்றப் பகுதி ராபிமார் ஏற்கமாட்டினம் எண்டு இன்னொருத்தர். பொம்பிளையள் வேதம் வாசிக்கலாம் எண்டு சொல்லுற பகுதியிலை சேர், அங்கை சுகம் எண்டு ஒரு மனுசி. எல்லாம் எங்கட கோயில் பொதுக்கூட்டம் மாதிரித்தான், எனக்குப் பிறந்த வீட்டிலை இருக்கிற மாதிரி இருந்தது. ஒரு வித்தியாசம், இவையள் சண்டை பிடிச்சுப்போட்டு அதே மேசையிலை சூப் குடிக்கினம்.

இனி முக்கியமான விசயத்துக்கு வாறன். மதுஜா பெரியபிள்ளையானதுக்குத் தையிலை சாமத்தியவீடு. தாய்மாமன் நான்தான் தேங்காய் உடைச்சுத் தண்ணி வார்க்கவேணும், சமயம் மாறினவன் எப்பிடி வாறது எண்டு நீங்கள் கொதிச்சுக்கொண்டு இருக்கிறியள். எனக்கும் அதை நினைச்சு நித்திரையில்லை. ராபியைக் கேட்டன். 'தேங்காய் ஆருக்கு உடைக்கிறது, சாமிக்கோ பிள்ளைக்கோ?' எண்டார். எனக்குத் தெரியேல்லை. எங்கட ஐயருக்கு எடுத்துக் கேட்டன், 'தம்பி, அது உங்கட வழமை, மந்திரத்திலை ஒண்டும் இல்லை' எண்டார். அதைக் கொண்டுபோய்ச் சொல்ல ராபி, சாமிக்கில்லாத தேங்காய் வெறும் தேங்காய், மாமன் உடைச்சிட்டுப் போகட்டும் எண்டார். அப்பாடா, நெஞ்சிலை கிடந்த பாறாங்கல்லு இறங்கிப்போச்சு. வேட்டி சால்வையோடை முதல் ஆளா வந்து நிப்பன், யோசிக்காதேங்கோ.

அக்காவை அழவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. மருமகளுக்கு என் ஆசிகள். உங்கள் எல்லாருக்கும் எல்லாக் கடவுளும் துணையிருக்கட்டும்.

என்றும் உங்கள் மைத்துனன்,
சி. இராஜேந்திரன்

பி.கு: கடிதத்தை ஒட்டப்போக மதுஜா ரெலிபோன் எடுத்தாள். ராபி ஓம் எண்டிட்டார் எண்டு சந்தோசமாச் சொன்னன், பிள்ளை குழறி அழுதிட்டுது. ராபி விடமாட்டார், மாமா வரமாட்டார், சாமத்தியவீடும் நடக்காது எண்டு அவள் இவ்வளவு நாளும் நம்பிக்கொண்டு இருந்தவளாம். தன்ர உடம்பு விசயத்தை மண்டபம் எடுத்து முன்னூறு பேருக்கு அறிவிக்கவேண்டாமாம். உங்களிட்டைச் சொல்லப் பயம், 'மாமா, நீங்கள் சொல்லுங்கோ' எண்டாள். ஆகவே அத்தான், மேலை எழுதினது முழுக்க வெட்டு. நான் வரமாட்டன், தேங்காயும் உடைக்கமாட்டன். ஆரும் கேட்டால், மச்சான் யூதனாப் போனான், தாய்மாமன் இல்லாமல் என்னெண்டு செய்யிறது எண்டு சொல்லுங்கோ, பழி என்னிலை கிடக்கட்டும். வேறை தாளிலை ஒழுங்கா எழுத நேரமில்லை, வெளியிலை இருட்டுது, இனி நான் பேனை பிடிக்கக் கூடாது. பிள்ளையை ஏசாதேங்கோ.